இரண்டிலிருந்து ஐந்துவரை சம்பந்தி வீடு

போலந்துக்காரர் வீட்டுக்கு முதன்முதலாகப் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய காரியங்கள் பதினான்கு இருப்பதாகக் கொட்வின் இணையத்தில் வாசித்திருந்தான். ஜெர்மனியில், கொலோனிலிருந்து பான் நகருக்குக் காரில் அரை மணித்தியாலம். அதற்குள் பதினான்கையும் தாய் தகப்பன் தலையில் ஏற்றிவிட வேண்டும் என்பது அவனுடைய திட்டம். லிஃப்ட் திருத்துகிற வேலை அவனுக்கு. பத்தாம் மாடியில் அந்தரத்தில் தொங்கினாலும் பதறாத பிள்ளை. இன்றைக்கு என்னவோ ஸ்டியரிங்கைப் பிடித்த கை ஈரமாக இருந்தது.

“வாசல்படியில நிண்டு கை குடுக்காதேங்கோ அப்பா. உள்ளுக்குக் கால் வைச்சாப் பிறகுதான் கை குடுக்கோணும். சப்பாத்தைக் கழட்டினா வீட்டுச் செருப்புத் தருவினம், வேண்டாமெண்டு சொல்லாதேங்கோ. அவ காட்டுற கதிரையிலதான் இருக்கோணும். கோப்பையில போட்டதை மிச்சம் விடக் கூடாது.”

முன் சீற்றில் தகப்பன் லோறன்ஸ் இருந்தார். கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு, மடியில் பூங்கொத்தை வைத்துக்கொண்டு, முகத்தை உம்மென்று வைத்திருந்தார்.

“அம்மா, உங்களுக்குத்தான் முக்கியமாச் சொல்லுறன். நீங்கள் எழும்பவே கூடாது. கோப்பை எடுக்கிறன், கழுவுறன் எண்டு குசினிப் பக்கம் போனியளெண்டால் யூலியாவின்ர அம்மாவுக்கு அதைவிட வெக்கக்கேடு இல்லை. விருந்தாளி சும்மா இருக்கோணும்.”

பின் சீற்றில் கண்ணை மூடிக்கொண்டிருந்த கொறற்றி அப்போதுதான் கண்ணைத் திறந்தாள்.

“சும்மாவோ?”

“ஓம் அம்மா. மூண்டு மணித்தியாலமும்.”

இந்த ஒரு சட்டத்துக்காகவே கொறற்றிக்குப் போலந்துக்காரர் எல்லாரையும் பிடித்துப்போய்விட்டது. முதியோர் இல்லமொன்றில் பத்தொன்பது வருடமாகப் பராமரிப்பு உதவியாளராக வேலை செய்கிறாள். கூட வேலை செய்கிற இரண்டு பேர் சுகவீன லீவில் நின்றதால் பத்து நாட்கள் தொடர்ந்து காலை வேலை. நாலு மணிக்கு எழும்பி ஆறு மணிக்கு உள்ளே நிற்க வேண்டும். நேற்று வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாதென்று நாற்பது றோல்ஸ் சுருட்டிப் பொரித்தாள். முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தன. ஒருவர் தன்னை ஒரு கதிரையில் இருத்தி, ஒரு கோப்பைச் சாப்பாட்டை முன்னால் வைத்து, எழும்பாதே என்று சொல்லி எத்தனை வருடம் என்று எண்ணிப் பார்க்க முயன்றாள். கணக்குப் பிடிபடவில்லை.

கொட்வின் கட்ட விரும்புகிற பெண்ணில் யாருக்கும் குறை இல்லை. யூலியா பத்தொன்பது வயதில் போலந்திலிருந்து தாயைத் தேடி வந்து, டொச் என்கிற ஜெர்மன் மொழி படித்து, இப்போது பல் வைத்தியர் ஒருவரிடம் உதவியாளராக இருக்கிறாள். ஞாயிறு தவறாமல் தேவாலயப் பூசைக்குப் போகிறவள். லோறன்ஸும், “வேதக்காரப் பிள்ளைதானே,” என்று முதலில் தலையை ஆட்டினார். பிறகுதான் தாய் தகப்பன் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டார். தகப்பன் செத்துப் பன்னிரண்டு வருடம். தாய் ஹலினா, பான் நகரில் தொண்ணூற்றொரு வயதான ஹெல்விக் என்கிற ஜெர்மன் அம்மையாரை இரவு பகலாகப் பார்த்துக்கொண்டு அந்த வீட்டிலேயே தங்கியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை ஓய்வு. ஆனால் வீட்டை விட்டுப் போக முடியாது, அம்மையாரைத் தனியே விடக் கூடாது. ஆகவே சம்பந்திகள் சந்திப்பதென்றால் அங்கேதான் சந்திக்க வேண்டும். அம்மையாரின் மகன் மியூனிக்கிலிருந்து தொலைபேசியில் அனுமதி கொடுத்திருந்தார்.

இதைக் கேட்ட நாளிலிருந்து லோறன்ஸின் முகம் இறங்கிவிட்டது.

“சம்பந்தி வீடெண்டு சொல்லி ஆரின்ரயோ வீட்டுக்கே எங்களைக் கூட்டிக்கொண்டு போறாய்? தமிழ்ப் பூசைக்குப் போனா சனம் கேக்கும், சம்பந்தி வீடு எப்பிடியெண்டு. நான் என்னத்தைச் சொல்லுறது?”

தன் மனைவி பார்ப்பதும் அதே வேலைதான் என்பது அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகம் வரவில்லை. போய்ப் பார்த்துவிட்டுத்தான் ஓம் சொல்வேன், இல்லாவிட்டால் இல்லை என்று முடிவாகச் சொல்லிவிட்டார். கொட்வின் தகப்பனை மீறி நடக்கிறவன் அல்ல. மீறினாலும் பயனில்லை. போலந்தில் கலியாணத்தன்று கோயிலுக்குப் புறப்படுமுன் இரண்டு பக்கத்துத் தாய் தகப்பனும் பிள்ளைகளுக்குச் சிலுவை போட்டு ஆசீர்வதிக்க வேண்டுமாம். மாப்பிள்ளையின் தகப்பன் வராத கலியாணத்துக்குத் தான் சம்மதிக்க மாட்டேன் என்று ஹலினா மகளிடம் சொல்லியிருந்தாள். ஆக, எல்லாம் லோறன்ஸின் வாயிலிருந்து வரப்போகிற ஒரு சொல்லில் நின்றது.

இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மணியை அடித்தார்கள். கதவைத் திறந்தது ஹலினாதான். மெலிந்த மனுசி, தலைமயிருக்குப் புதிதாகச் சாயம் பூசியிருந்தாள், நல்ல நீல நிறச் சட்டை. லோறன்ஸ், மகன் படிப்பித்த பாடத்தை அந்தக் கணமே மறந்து வாசலில் நின்றபடி கையை நீட்டினார். ஹலினா பதறிப்போய் இரண்டடி பின்னால் வைத்து, அவருடைய முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டுத்தான் கை கொடுத்தாள். கொட்வின் கண்ணை மூடித் திறந்தான். பதினான்கில் ஒன்று போய்விட்டது.

கொறற்றி ஹலினாவின் கையைப் பிடித்தபோது அதைக் குனிந்து பார்த்தாள். விரல் இடுக்குகளில் தோல் வெடித்திருந்தது. நாளுக்கு ஐம்பது தடவை கிருமிநாசினி போட்டுக் கழுவுகிற கை அப்படித்தான் இருக்கும். கொறற்றியின் கையும் அப்படித்தான். ஹலினாவும் பார்த்தாள்.

சுவரோரம் புதுச் செருப்புகள் வரிசையாக இருந்தன, விலைத்தாள் கிழித்த பசை இன்னும் போகவில்லை. லோறன்ஸின் குதிக்கால் செருப்புக்கு வெளியே நாலு விரற்கடை நீண்டுகொண்டு நின்றது. அதே கோலத்தில் அவர் போய்ச் சாப்பாட்டு மேசையின் தலைமாட்டில் இருந்தார்.

வீடு பெரியது. சுவர் முழுக்க ஹெல்விக் அம்மையாருடைய ஆட்களின் படங்கள். ஹலினாவுடையது என்று அந்த அறையில் மேசை விரிப்பு ஒன்றுதான். போலந்திலிருந்து கொண்டுவந்ததாம், ஓரமெல்லாம் கைத்தையல். லோறன்ஸ் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்து கடைசியில் கொறற்றியைப் பார்த்தார். பார்த்தீரா என்று கேட்கிற பார்வை. கொறற்றி வேறு பக்கம் திரும்பினாள்.

அவளுக்குக் கிடைத்தது கைப்பிடி வைத்த மெத்தைக் கதிரை. இருந்தவுடன் முழங்கால் இரண்டும் நன்றி சொல்லின. முதலில் கோழி சூப், நூல் போன்ற மாவிழைகள் போட்டது. கொறற்றி ஒரு கரண்டி வாயில் வைத்தாள். இரண்டு மூன்று மணித்தியாலம் மெல்லிய நெருப்பில் நின்ற சூப் என்று நாக்குச் சொன்னது. தான் வைக்காத சூப், சுடச்சுட. நாற்பது றோல்ஸும் மேசையின் நடுவில் நல்ல தட்டொன்றில் வைக்கப்பட்டிருந்தன. ஹலினா ஒன்றை எடுத்துக் கடித்து, உறைப்பில் கண் கலங்கி, இன்னொன்றும் எடுத்தாள். கொறற்றிக்கு அந்த மனுசியைப் பிடித்துக்கொண்டது.

ஹலினா மட்டும் கதிரையில் இருக்கவில்லை. குசினிக்கும் மேசைக்கும் நடுவே ஓடினாள். குழந்தைகளின் அறைச் சத்தத்தைக் கேட்க வைக்கிற பேபிஃபோன் ஒன்று அவளுடைய கையிலேயே இருந்தது. அது கரகரத்தால் போதும், அம்மையாரின் அறைக்குள் போய்விடுவாள். அடுத்த சாப்பாட்டைத் தான் எடுத்து வருவதாகச் சொல்லி, முன்னதாகவே வந்திருந்த யூலியா தாயைத் தோளில் பிடித்து அழுத்தி இருத்தினாள். அப்போது மணி மூன்றாகவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் லோறன்ஸ் தன் கதையைத் தொடங்கினார்.

எண்பத்தைந்தாம் ஆண்டு ரஷ்ய விமானத்தில் மொஸ்கோ வந்து, கிழக்கு பெர்லின் வந்து, ரயில் ஏறி மேற்கில் இறங்கிய கதை. புது ஆள் எவரைக் கண்டாலும் சொல்லுவார். நாற்பது வருடம் இந்த நாட்டில் இருந்தவருக்கு டொச் தெரியாமலில்லை, ஆனால் டொச்சில் சொன்னால் கதையின் ருசி கெட்டுவிடும் என்பது அவருடைய எண்ணம். ஆகவே அவர் தமிழில் சொல்ல, கொட்வின் டொச்சில் சொல்ல, வேலைக்கு வேண்டிய டொச் மட்டுமே தெரிந்த தாய்க்கு யூலியா போலந்து மொழியில் சொன்னாள். ஏற்கெனவே நீளமான கதை மூன்று மடங்கானது. ஹலினா கையில் கன்னத்தை வைத்து, முகத்தில் புன்சிரிப்போடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்ப பாருங்கோ, வெளியில ஒரே பனி. எனக்குச் சப்பாத்துக்குள்ள கால்மேசுகூட இல்லை,” என்றார் லோறன்ஸ்.

கொட்வின் சொன்னான். யூலியா வாயைத் திறந்தாள், அப்படியே நிறுத்தினாள்.

ஹலினா நித்திரையாகிவிட்டாள். கன்னம் கையிலேயே இருந்தது. புன்சிரிப்புக்கூடப் பாதி மிஞ்சியிருந்தது. மூச்சு மட்டும் நீளமாக, கனமாக வந்துகொண்டிருந்தது.

யூலியாவின் முகம் காதுவரை சிவந்தது. தாயைத் தட்டி எழுப்ப அவள் கையை நீட்டியபோது மேசையில் கிடந்த பேபிஃபோன் கரகரத்தது. ஹலினாவின் இமை துடித்தது. கொறற்றி பாய்ந்து அந்தக் கருவியை எடுத்து, சத்தத்தைக் குறைத்து, எழும்பிவிட்டாள். யோசித்துச் செய்ததல்ல. மணி கேட்டால் எழும்புகிற கால், தானாக எழும்பியது.

“அம்மா!” என்றான் கொட்வின், கிசுகிசுப்பாக.

“அந்தப் பிள்ளையை இருக்கச் சொல்லு. தாயை எழுப்ப வேண்டாம். நான் பாக்கிறன்.”

ஹெல்விக் அம்மையார் தலையணையிலிருந்து சரிந்து, ஒரு கை கட்டில் கம்பிக்கு வெளியே தொங்கக் கிடந்தார். கொறற்றி ஒரு கையைத் தோளுக்கடியிலும் மற்றதை இடுப்புக்கடியிலும் கொடுத்து, மூன்று எண்ணி, மேலே தூக்கி நேராகக் கிடத்தினாள். கட்டில் நனைந்திருந்தது. அலுமாரியில் எது எங்கே இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“நீ யார்?” என்று கேட்டார் அம்மையார்.

“ஹலினாவின் விருந்தாளி.”

“ஹலினாவைத் தேடி ஒருவரும் வருவதில்லையே.”

“இன்றைக்கு வந்திருக்கிறோம்.”

அம்மையார் குரலைத் தாழ்த்தினார். “நான் இரவெல்லாம் அவளைக் கூப்பிடுகிறேன். கூப்பிடுகிறேன் என்று எனக்கே தெரிகிறது. ஆனால் வாய் தானாகக் கூப்பிடுகிறது. அவளிடம் சொல்லிவிடாதே.”

கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை, அதில் கசங்கிய போர்வை. திறந்திருந்த கதவுக்கு அப்பால் ஹலினாவின் சின்ன அறை தெரிந்தது. அங்கே கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கமும் இல்லை. மேலே துணி மடித்து அடுக்கியிருந்தது, அதன்மேல் ஒரு பெட்டி. பல நாட்களாக யாரும் படுக்காத கட்டில்.

கொறற்றிக்குக் கோபம் வந்தது. யாரில் என்று சொல்லத் தெரியவில்லை. தன்னிலும்தான். பத்து நாளாக இதைத்தானே செய்தாள். இன்றைக்காவது ஒருவர் சமைத்துப் போடச் சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருக்கலாம் என்று ஆசைப்பட்டாள். அந்த மெத்தைக் கதிரையில் முக்கால் மணித்தியாலம் இருந்திருப்பாளோ என்னவோ. அவ்வளவுதான் விதித்தது.

திரும்பி வந்தபோது யூலியா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். லோறன்ஸ் கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு நின்றார்.

“எழும்பும், போவம். முதல் நாள் வந்த சம்பந்தியை இருத்திப்போட்டு நித்திரை கொள்ளுறதெண்டால் என்ன கதை? நான் இஞ்சை கதைச்சுக்கொண்டிருக்கிறன். விருந்தாம்! வீடும் ஆரின்ரயோ வீடு, விருந்துக்கு வந்த மனிசி வேலைக்காரி மாதிரி ஓடித் திரியுது.”

“மெல்லக் கதையுங்கோ.”

“நான் என்ன பொழுது போகாமல் வந்தனானே?”

“மெல்லக் கதையுங்கோ எண்டு சொன்னனான்.” கொறற்றியின் குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது, ஆனால் கொட்வின் நிமிர்ந்து பார்த்தான். “இந்த மனிசி கட்டில்ல படுத்து எத்தினை நாளோ தெரியாது. அந்தக் கிழவிக்குப் பக்கத்தில கதிரையில கிடந்து எழும்புது. அதுக்குள்ள உங்களுக்கெண்டு இவ்வளவத்தையும் சமைச்சிருக்கு. செருப்பு வாங்கி வைச்சிருக்கு. வீடு இல்லாட்டி என்ன? இருக்கிறதைத் தந்திருக்கு.”

“அதுக்காக…”

“பூசையில நான் தூங்கி விழேக்க முழங்கையால இடிக்கிறியள். ஒவ்வொரு ஞாயிறும் இடிக்கிறியள், சனம் பாக்குதாம். ஒருக்காலாவது, ஏன் உமக்கு இவ்வளவு நித்திரையெண்டு கேட்டனீங்களோ?”

இப்படி ஒன்று தன் வாயிலிருந்து வரும் என்று கொறற்றியே எதிர்பார்க்கவில்லை. முப்பத்துமூன்று வருடத்தில் பிள்ளைக்கு முன்னால் புருசனை எதிர்த்துக் கதைத்தது இதுதான் முதல் தடவை. கொட்வின் தன் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். யூலியாவுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது, இருந்தும் அவளும் கோப்பையைத்தான் பார்த்தாள்.

லோறன்ஸ் இருந்தார். தன் மனைவியைப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தபடி நித்திரை கொள்கிற ஹலினாவைப் பார்த்தார். திரும்பவும் மனைவியைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் கண்ணுக்குக் கீழே ஒரே கறுப்பு. அதை அவர் இன்றைக்குத்தான் கண்டாரோ, முன்பே கண்டும் பேசாமல் இருந்தாரோ, கடவுளுக்குத்தான் தெரியும்.

லோறன்ஸ் எழும்பி, கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டார். சட்டைக் கையை மடித்தார். மேசையிலிருந்த சூப்புக் கோப்பைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எடுத்துக்கொண்டு, அந்தச் சின்னச் செருப்பில் குதிக்கால் நிலத்தில் உரசக் குசினிக்குப் போனார். இருபத்திரண்டு வருடம் உணவகமொன்றில் கோப்பை கழுவின மனிதர் அவர். வீட்டில் தேத்தண்ணி குடித்த கோப்பையைக்கூட இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு எழும்புகிறவர். பீங்கானில் பீங்கான் படுகிற சத்தம் ஒன்றாவது கேட்க வேண்டுமே, கேட்கவில்லை. கொட்வின் துடைக்கும் துணியோடு பின்னால் போனான்.

ஹலினா ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நித்திரை கொண்டாள். யூலியா அவளுடைய கையை மெல்ல எடுத்து, தலைக்குக் கீழே ஒரு குஷனை வைத்தாள். கொறற்றி கருவியை மடியில் வைத்துக்கொண்டு காவல் இருந்தாள். இன்னும் இரண்டு தடவை அது கரகரத்தது, இரண்டு தடவையும் எழும்பிப் போனாள். தண்ணீர் பருக்கினாள், யன்னல் சீலையை இழுத்துவிட்டாள். ஆறிப்போன உருளைக்கிழங்கையும் இறைச்சியையும் இடையில் நின்றபடியே சாப்பிட்டாள். ஆறியும் நன்றாகத்தான் இருந்தது.

ஐந்து மணிக்கு இன்னும் அரை மணித்தியாலம் இருக்கும்போது ஹலினா கண்ணைத் திறந்தாள். முதலில் கை மேசையில் கருவியைத் தேடியது. அது கொறற்றியின் மடியில் இருந்தது. பிறகு வெறும் மேசையைப் பார்த்தாள். குசினி வாசலில், மடித்த சட்டைக் கையோடும் நனைந்த வயிற்றோடும் நிற்கிற லோறன்ஸைப் பார்த்தாள். அவளுடைய முகம் போன போக்கைக் கொறற்றியால் பார்க்க முடியவில்லை.

ஹலினா எழும்பி நின்று, மூச்சு விடாமல் மகளிடம் ஏதோ சொன்னாள். யூலியா அதை டொச்சில் சொன்னபோது குரல் உடைந்தது. கொட்வின் அதைத் தமிழில் சொன்னான்.

“வீட்டுக்கு வந்த ஆக்களை வேலை செய்ய விட்டிட்டனாம். தனக்கு இனி முகம் இல்லையாம். நீங்கள் இந்தக் கலியாணம் வேண்டாமெண்டு போனாலும் தனக்கு விளங்குமாம். ஆனால் பிழை தன்னிலயாம், பிள்ளையில இல்லையாம்.”

எல்லாரும் லோறன்ஸைப் பார்த்தார்கள். அவர் கையைத் துணியில் துடைத்தார். துடைத்து முடிந்தும் துடைத்துக்கொண்டே நின்றார்.

“என்ர கதை எதுமட்டும் கேட்டதெண்டு அவவைக் கேள்,” என்றார் கடைசியில்.

கேட்டார்கள். மொஸ்கோவரை என்றாள் ஹலினா, தலையைக் குனிந்துகொண்டு.

“அப்ப கனக்கக் கிடக்கு. மிச்சத்தைக் கலியாண வீட்டில சொல்லுறன் எண்டு சொல்லு.”

கொட்வின் இதை டொச்சில் சொல்லாமல் தகப்பனையே பார்த்துக்கொண்டு நின்றான். யூலியா அவனுடைய கையைப் பிடித்து உலுக்க வேண்டியிருந்தது. செய்தி இரண்டு மொழி தாண்டி வந்து சேர்ந்ததும் ஹலினா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுதபடியே, திரும்பவும் வர வேண்டும், முறையாக ஒரு விருந்து வைப்பேன், சத்தியமாக நித்திரை கொள்ள மாட்டேன் என்றாள்.

“முறையும் வேண்டாம் விருந்தும் வேண்டாம்,” என்றாள் கொறற்றி. “அடுத்தமுறை நான் நித்திரை கொள்ளப்போறன். அவ முழிச்சிருக்கட்டும்.”

பகிடியாகத்தான் சொன்னாள். ஆனால் மொழி மாறி மாறி வந்ததில் பகிடி எங்கேயோ விழுந்துவிட்டது போலும், ஹலினா சிரிக்கவில்லை. சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். ஏதோ சொன்னாள்.

“ஏன் அடுத்தமுறை எண்டு கேக்கிறா,” என்றான் கொட்வின். “அஞ்சு மணிக்கு இன்னும் இருவது நிமிசம் கிடக்காம்.”

கொறற்றி ஐயோ வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். ஹலினா கேட்கிற நிலையில் இல்லை. மடியில் இருந்த கருவியை எடுத்துத் தன் பைக்குள் போட்டாள். கொறற்றியின் தோளைப் பிடித்து மெத்தைக் கதிரையில் சாய்த்தாள், வீங்கிய கால்களைத் தூக்கி ஒரு முக்காலியில் வைத்தாள், எங்கிருந்தோ ஒரு போர்வையைக் கொண்டுவந்தாள். இடுப்புவரை போர்த்தி, கால் விரல்களுக்குக் கீழே போர்வையின் நுனியை மடித்துச் செருகினாள். குளிர் ஏறாமல் இருக்க அப்படித்தான் செருக வேண்டும். பத்தொன்பது வருடமாக ஒரு நாளைக்குப் பதினாறு பேருக்குக் கொறற்றி செய்கிற வேலை அது. தன் காலுக்கு ஒருவர் செய்து இன்றைக்குத்தான் பார்க்கிறாள். அழுகை வந்தது. அழுது முடிப்பதற்குள் நித்திரை வந்துவிட்டது.